வன்னிக் குளங்களின் நீர்ச்சுண்டி: உருவமைப்பு, உடற்றொழில், வாழிடம் பற்றிய ஒரு தாவரவியல் ஆய்வு

முன்னுரை

மாரி மழையில் குளம் நிரம்பி, அலைகரையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் காலத்தில், இலங்கையின் வன்னிப் பெருநிலத்து நன்னீர்க் கரைகளில் மஞ்சள் பூவோடு மிதக்கும் கொடியொன்று படர்கிறது. அதன் இலை தொட்டால் கூம்பும். தண்டைச் சுற்றி வெண்மையான பஞ்சு போர்த்திருக்கும். தமிழில் இதற்கு நீர்ச்சுண்டி, சுண்டி என்று பெயர். தாவரவியலார் இதை நெப்டூனியா ஒலரேசியா என்பர்.

தாமரைக்கும் அல்லிக்கும் கிடைத்த கவனம் இந்தச் செடிக்குக் கிடைக்கவில்லை. குளத்தைத் துப்புரவு செய்வோருக்கு அது வெறும் பாசி. கால்நடை மேய்ப்போருக்குப் பச்சைத் தீனி. ஆனால் ஒரு குளத்தின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை இதன் உடலளவுக்குத் தெளிவாகக் காட்டும் பல்லாண்டுத் தாவரங்கள் சிலவே. ஆண்டின் ஒரு பாதியில் மிதக்கவும் மறுபாதியில் சேற்றில் வேரூன்றிக் கிடக்கவும் வல்ல உடல் இது. ஆகவே இதைத் தனித்த நீர்ச்செடியாகப் பார்க்காமல் குளத்தின் நீர் ஒழுங்கோடும் அலைகரையின் சரிவோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. வகைப்பாடு, வாழிடம், உருவமைப்பு, உடற்றொழில், ஆண்டுச் சுழற்சி, ஒத்த செடிகள், பயன், முகாமை என்ற ஒழுங்கில் ஆய்வு செல்கிறது.

1. வகைப்பாடு

1.1 குடும்பமும் சாதியும்

நீர்ச்சுண்டி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய நூல்கள் இதனைத் தொட்டாற்சுருங்கியோடு மைமோசாய்டியே என்ற துணைக்குடும்பத்தில் வைத்தன. 2017-இல் அவரைக் குடும்பத்தின் வகைப்பாடு மீளமைக்கப்பட்டபோது அத்துணைக்குடும்பம் தனித்த நிலையை இழந்து, சீசல்பினியாய்டியே என்ற பெரிய துணைக்குடும்பத்துக்குள் ஒரு கிளையாக அடங்கிற்று.

நெப்டூனியா என்ற சாதியை நிறுவியவர் யொவாவ் டி லூரெய்ரோ. வியட்நாமில் நெடுங்காலம் பணியாற்றிய இந்தப் போர்த்துக்கேய யேசுசபைத் துறவி, 1790-இல் லிஸ்பனில் வெளிவந்த தம் கொச்சின்சீனத் தாவர நூலில் இச்செடியை விவரித்தார். உரோமரின் கடற்றெய்வமான நெப்டியூனின் பெயரைச் சாதிக்கு இட்டார். ஒலரேசியா என்ற இனப்பெயர் கறிக்கு உதவுவது என்ற பொருளுடையது. சில நூல்களில் இதே செடி நெப்டூனியா ப்ராஸ்ட்ராட்டா என்றும் நெப்டூனியா நாட்டன்ஸ் என்றும் வழங்குவதால், பழைய பதிவுகளைத் தேடுவோர் மூன்று பெயர்களையும் பார்க்க வேண்டும். சாதி முழுவதற்குமான மீளாய்வை 1966-இல் விண்ட்லர் வெளியிட்டார்.

1.2 இலங்கைப் பதிவுகள்

இலங்கைத் தாவரங்களைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன். 1893-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய கைந்நூல், 1896-இல் அவர் மறைந்த பின் ஜோசப் ஹூக்கரால் 1900-இல் நிறைவு செய்யப்பட்டது. அதன் திருத்திய பதிப்பு 1980 முதல் பல தொகுதிகளாக வெளிவந்தது. உலர்வலயக் குளங்களின் செடிகளை ஆராயப் புகுவோருக்கு இவ்விரண்டும் அடிப்படை நூல்கள்.

2. வாழிடம்: குளமும் அலைகரையும்

2.1 மழையும் நீரும்

வன்னி உலர்வலயத்தில் அடங்குவது; ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவு. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கிறது. மிச்ச மாதங்களில் வெயிலும் வரண்ட காற்றும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யவே குளங்கள் கட்டப்பட்டன. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் போன்ற பெருங்குளங்கள் ஆண்டு முழுவதும் ஓரளவு நீர் தாங்கும். கனகராயன் ஆற்றை மறித்து 1902-இல் பணி தொடங்கப்பட்ட இரணைமடு இவற்றுள் மிகப் பெரியது. ஊருக்கு ஊர் உள்ள சிறுகுளங்களோ ஆவணி, புரட்டாதியில் நிலம் வெடிக்கும் அளவுக்கு வற்றிவிடும்.

2.2 செடி நிற்கும் இடம்

ஒரு குளத்தை மூன்று வளையங்களாகப் பிரிக்கலாம். கட்டையும் துருசையும் ஒட்டிய ஆழமான நீர் முதலாவது. நீர் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளித்தெரியும் மெல்லிய சரிவான அலைகரை இரண்டாவது. அதற்கு மேல் உள்ள தரவையும் காடும் மூன்றாவது. நீர்ச்சுண்டியின் இருப்பிடம் இரண்டாவது வளையம். அங்கே வேரூன்றித் தண்டை நீட்டி ஆழமான நீரின் மேற்பரப்புக்குப் படர்கிறது. நிழலைத் தாங்காது; முழு வெயில் வேண்டும். ஓட்டமில்லாத அல்லது மெதுவாக ஓடும் நன்னீரை நாடுவதால், அகன்ற வாய்க்கால்களும் நீர் தேங்கும் பள்ளங்களும் இதற்கு ஏற்றவை. நந்திக்கடல், கொக்கிளாய், சுண்டிக்குளம் ஆகிய உவர்நீர்க் களப்புகள் இதன் வாழிடம் அல்ல. களப்புக்குள் விழும் ஆறுகளின் நன்னீர்ப் பகுதியோடு இதன் எல்லை முடிகிறது.

3. உருவமைப்பு

3.1 தண்டு

தண்டு 1 முதல் 1.5 மீற்றர் வரை, நல்ல நீரில் அதற்கு மேலும் நீளும். கணுக்கள் தெளிவானவை. மிதக்கும் தண்டில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை வெண்பஞ்சு உறை உருளையாகச் சுற்றியிருக்கும். கணுவில் அது அற்றுப்போகும். உறையை விரல் நகத்தால் கீறினால் எளிதாக உரிந்து வரும். உள்ளே மெல்லிய, உறுதியான, பசிய தண்டு தனியே நிற்கும். உரித்த பஞ்சை நீரில் விட்டால் மிதக்கும். உரிந்த தண்டு தாழும். மிதக்கும் ஆற்றல் எந்தப் பகுதியில் உள்ளது என்பதை இந்தச் சிறு சோதனையே மாணவருக்குக் காட்டிவிடும்.

நீர் வற்றிய நிலத்தில் வளரும் தண்டில் இந்த உறை தோன்றுவதில்லை. ஒரே செடியின் நீரில் கிடக்கும் கிளை பஞ்சோடும், கரையேறிய கிளை பஞ்சின்றியும் இருக்கலாம்.

3.2 வேர்

முளைத்த செடிக்கு முதலில் ஆணிவேர் உண்டு. தண்டு மிதக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு கணுவிலும் நார் போன்ற இடம்மாறிப் பிறந்த வேர்கள் கொத்தாக இறங்கும். இவை நீரில் தொங்கும். நீர் இறங்கிச் சேற்றைத் தொட்டால் அப்படியே ஊன்றிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகும் தகுதி உடையது.

3.3 இலை

இலை இரட்டைச் சிறகுக் கூட்டிலை. ஒரு காம்பில் 2 அல்லது 3 சோடிச் சிறகுகள், சில வேளை 4. ஒவ்வொரு சிறகிலும் ஏறத்தாழ 8 முதல் 20 சோடி நீள்சதுரச் சீறிலைகள். காம்பின் அடியில் இலையடிச் செதில்கள் இரண்டு. காம்பில் சுரப்பி கிடையாது. இக்குறிப்பு 6ஆம் பிரிவில் பயன்படும். தண்டில் முள்ளும் கிடையாது.

3.4 பூந்துணர்

இலைக்கக்கத்திலிருந்து எழும் நீண்ட காம்பொன்று நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியில் உள்ளதைத் தனிப்பூ என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது ஏறத்தாழ 30 முதல் 50 நுண்பூக்கள் நெருங்கிய தலைத்துணர். கீழ்ப்பகுதிப் பூக்களும் மேற்பகுதிப் பூக்களும் ஒன்றல்ல. கீழ்ப்பூக்கள் மலடானவை, அவற்றின் கேசரங்கள் மகரந்தம் தாராமல் 1 சென்ரிமீற்றர் அளவில் மஞ்சள் நாடாக்களாக விரிந்து தொங்குகின்றன. தொலைவிலிருந்து நம் கண்ணில் படும் மஞ்சள் இந்த நாடாக்களே. அவை அல்லியிதழ்கள் அல்ல. மேற்பூக்கள் இருபாலானவை: சிறிய மணிவடிவப் புல்லி, 5 அல்லி, 10 கேசரம், நடுவில் ஒரு சூலகம். காயாவது இவையே.

பூச்சியை அழைக்கும் வேலையும் இனம் பெருக்கும் வேலையும் ஒரே துணருக்குள் இரண்டு வகைப் பூக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருப்பதே இதன் சிறப்பு. துணரைக் கிள்ளி, கீழிருந்து மேலாகப் பூக்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தால், மலட்டுப் பூவிலிருந்து முழுப்பூவுக்கு வரும் மாற்றம் ஒரே வரிசையில் தெரியும். உயர்தர உயிரியல் வகுப்புக்கு இதைவிடச் செலவில்லாத செய்முறை அமையாது.

3.5 கனியும் விதையும்

கனி தட்டையான குறுகிய நீள்சதுர அவரை. 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளம். அது தன் சிறு காம்போடு ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி நிற்பது அடையாளம். ஒரு கனியில் 4 முதல் 8 விதைகள். விதையுறை கடினமானது, நீர் எளிதில் உட்புகாது. உறை தேய்ந்தோ கீறப்பட்டோ இருந்தால் முளைப்பு கூடும்.

4. உடற்றொழில்

4.1 மிதவை இழையம்

பஞ்சு உறை என்பது காற்றிடைவெளிகள் நிறைந்த இழையம். இளந்தண்டு உருவான பின், அதன் புறப்பகுதியில் தோன்றும் பிரியிழையம் ஒன்று இதை வெளிப்புறமாக அடுக்கடுக்காக உருவாக்குகிறது. 1871-இலேயே ரோசனோவ் இம்மிதவை உறுப்பின் அமைப்பை ஆராய்ந்து எழுதினார். 1931-இல் கியூ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த மெட்காஃப், சித்தகத்தி இனங்களையும் நெப்டூனியாவையும் ஒப்பிட்டு இவ்விழையத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

இதன் பணி இரண்டு. தண்டை நீர்மட்டத்தில் தாங்குவது ஒன்று. ஒட்சிசன் குறைந்த தேங்கு நீரில் வேர்களுக்குக் காற்றைக் கொண்டு செல்வது மற்றொன்று. நீர் உள்ளபோது மட்டும் உருவாவதால், செடி தேவையற்ற காலத்தில் இதற்காகப் பொருளைச் செலவிடுவதில்லை. வன்னிக் குளம் போல ஆண்டுதோறும் நிரம்பி வற்றும் நீர்நிலையில் இத்தகைய மாறும் உடலுக்கே நிலைத்த இடம் உண்டு.

4.2 தொடுவுணர்வு அசைவு

சீறிலை, சிறகு, காம்பு ஆகிய ஒவ்வொன்றின் அடியிலும் சிறு புடைப்பு உண்டு. தொட்டாலோ அசைத்தாலோ, புடைப்பின் ஒரு பக்கத்துக் கலங்கள் பொற்றாசியம் முதலிய அயன்களை வெளிவிடுகின்றன. பின்தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. அப்பக்கம் தளர, இலை கூம்புகிறது. சற்று நேரத்தில் அயன்களும் நீரும் திரும்ப, இலை விரிகிறது. இரவில் இலைகள் தாமே கூம்பும். தொட்டாற்சுருங்கியோடு ஒப்பிட்டால் நீர்ச்சுண்டியின் அசைவு மெதுவானது.

4.3 நைதரசன் பதித்தல்

அவரைக் குடும்பச் செடிகள் வேர்ச்சிறுகணுக்களில் பற்றீரியாக்களை வாழவைத்து வளியின் நைதரசனைப் பெறுவது தெரிந்ததே. பெரும்பாலானவற்றில் பற்றீரியா வேர்மயிர் வழியாக நுழையும். நீரில் தொங்கும் நீர்ச்சுண்டி வேர்களில் நுழைவு வேறு வகை: பக்கவேர் முதன்மை வேரின் புறணியைப் பிளந்து வெளிவரும் இடத்தில் ஏற்படும் வெடிப்பே வாசல். சுப்பாராவும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் இத்தனித்தன்மையை விளக்கினர்.

துணைவாழும் பற்றீரியாக்களும் குறிப்பிடத்தக்கவை. செனகல் நாட்டில் இச்செடியின் சிறுகணுவிலிருந்து பிரிக்கப்பட்ட ஒன்றுக்கு 1998-இல் அல்லோரைசோபியம் அண்டிகோலா என்று புதுப் பெயரிடப்பட்டது. இந்தியாவில் கிடைத்த செடிகளிலிருந்து பிரிக்கப்பட்ட மற்றொன்று டெவோசியா நெப்டூனியே என்று அறிவிக்கப்பட்டது. டெவோசியா, ரைசோபியத்திலிருந்து வேறான சாதி. அவரைச் செடியோடு அது சிறுகணு அமைக்கும் என்பது அப்போது புதிய செய்தி. வன்னிக் குளச் சேற்றில் இச்செடியோடு வாழும் பற்றீரியாக்கள் எவை என்பது இளம் நுண்ணுயிரியலாளருக்குத் திறந்திருக்கும் களம். நெல்வயலோடு நீரால் இணைந்த குளத்தில், நைதரசன் பதிக்கும் மிதக்கும் செடியொன்றின் பங்கு அளந்தறியத் தக்கது.

5. ஆண்டுச் சுழற்சி

செடியின் இயல்பைக் குளத்தின் நீர்க்கணக்கோடு பொருத்தினால் நான்கு கட்டங்கள் தெளிவாகின்றன.

முதற்கட்டம், ஐப்பசி முதல் மழை. நனைந்த சேற்றில் விதைகள் முளைக்கின்றன. கோடையைத் தாண்டிய அடித்தண்டுகள் துளிர்க்கின்றன.

இரண்டாம் கட்டம், மார்கழி, தை. காலபோக நெல் வயலில் வளரும்போது குளம் நிறைகிறது. வான் பாயும் குளங்களும் உண்டு. நீர் ஏற ஏறத் தண்டு நீண்டு பஞ்சு போர்த்து மிதக்கிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏற்பட்டது போன்ற பெருவெள்ளம் வந்தால், அறுந்த தண்டுத் துண்டுகள் கீழ்க்குளங்களுக்கு அடித்துச் செல்லப்படக்கூடும். கணுவுக்குக் கணு வேர் இருப்பதால் ஒவ்வொரு துண்டும் நாற்றாகும்.

மூன்றாம் கட்டம், சிறுபோகத்துக்குத் துருசு திறந்து நீர் விடும் மாதங்கள். மட்டம் படிப்படியாக இறங்க, மிதந்த தண்டுகள் சேற்றில் படிந்து வேரூன்றுகின்றன. முற்றிய விதைகள் அலைகரைச் சேற்றில் சேர்கின்றன.

நான்காம் கட்டம், ஆடி முதல் புரட்டாதி வரை. பஞ்சு காய்ந்து உதிர்ந்து, செடி குறுகிய நிலவடிவம் கொள்கிறது. அலைகரையில் இறங்கும் மாடுகள் இதை மேய்கின்றன. முழுதும் வற்றும் சிறுகுளத்தில் மேற்செடி கருகினாலும், கடின உறையுள்ள விதைகள் மண்ணில் அடுத்த மாரிக்குக் காத்திருக்கின்றன.

6. ஒத்த செடிகளிலிருந்து பிரித்தறிதல்

வெளிக்களத்தில் மயக்கம் தரும் செடிகள் ஐந்து.

(அ) தொட்டாற்சுருங்கி: இலையசைவு ஒத்தது. ஆனால் பூ இளஞ்சிவப்பு, தண்டில் முள் உண்டு, நிலத்தில் வளர்வது.

(ஆ) நெட்டி இனங்கள்: இவற்றுக்கும் மஞ்சட் பூ, நீர்க்கரை வாழ்க்கை. ஆனால் பூ பட்டாணிப் பூவின் வடிவம். இலை ஒற்றைச் சிறகு. நெட்டியின் வெண்மை தண்டின் உள்ளே உள்ள மென்மரம்; நீர்ச்சுண்டியின் வெண்மை வெளியே போர்த்த உறை.

(இ) நீர்க்கிராம்பின் மிதக்கும் இனம்: இதற்கும் கணுவில் வெண்பஞ்சு மிதவை உண்டு. இலை தனியிலை, பூவுக்கு வெண்மஞ்சள் அல்லிகள் ஐந்து.

(ஈ) மஞ்சட் பூவுள்ள யூட்ரிகுலேரியா: வேரே இல்லாதது, நீருள் மூழ்கிய இழைகளில் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் சிறு பைகள் உண்டு.

(உ) நெப்டூனியா ப்ளீனா: அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து ஆசியாவுக்கு வந்த நெருங்கிய உறவு. கீழ்ச்சிறகுச் சோடிக்கு அருகே காம்பில் சுரப்பி இருந்தால் அது ப்ளீனா; இல்லையெனில் ஒலரேசியா. இக்குறிப்பைப் பாராது எழுதப்படும் பதிவு நம்பத்தக்கதன்று.

7. பயன்

தென்கிழக்காசியாவில் இது மதிப்புள்ள கறிச்செடி. தாய்லாந்தில் பக் க்ரசேட், வியட்நாமில் ராவ் ஞுட் என்று சந்தையில் விற்கப்படுகிறது. பஞ்சை உரித்தெறிந்துவிட்டு இளந்தண்டையும் கொழுந்தையும் பச்சையாகவும் வதக்கியும் உண்பர். இந்தியாவின் மணிப்பூரில் ஏகாய்த்தாபி என்ற பெயரில் இது அன்றாட உணவில் இடம்பெறுகிறது. கம்போடியத் தலைநகர் புனோம்பெனின் சேங் ஏக் ஏரியில் நகரக் கழிவுநீரிலேயே இதைப் பயிரிட்டுப் பல குடும்பங்கள் பிழைத்தன.

அங்கேதான் எச்சரிக்கையும் உள்ளது. நீரில் கரைந்த பார உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்று மலேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. நீரைச் சுத்தம் செய்ய அது நல்ல பண்பு. அதே நீரிலிருந்து பறித்து உண்பதற்குத் தீய பண்பு. வன்னியில் கங்குனும் வல்லாரையும் பெற்ற இடத்தை நீர்ச்சுண்டி பெறவில்லை. இனிக் கறிக்கு அறிமுகம் செய்ய விரும்புவோர், வயல்களின் இரசாயனக் கழிவு வந்து சேரும் வாய்க்காலிலிருந்து பறிக்காமல், நீர் சோதித்த இடத்திலிருந்து மட்டுமே பறிக்க வேண்டும்.

8. களையா, காவற்செடியா?

அந்நிய நீர்க்களைகளால் இலங்கை பட்ட பாடு நீண்டது. ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த 1909-இலேயே தனிக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1939-இல் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா நாடெங்கும் நெல்வயல்களையும் குளங்களையும் மூடியது. நீர்ச்சுண்டியும் சில நாடுகளில் களையே. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இதைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குரிய செடிகளில் வைத்துள்ளது. ஊட்டம் மிகுந்த தேங்கு நீரில் இது தடித்த பாயாகப் படர்ந்து ஒளியையும் நீரோட்டத்தையும் மறிக்க வல்லது.

ஆனால் மற்ற இரண்டுக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு ஒன்றுண்டு. ஆற்றுவாழையும் சல்வீனியாவும் கரையோடு கட்டுண்டவை அல்ல. குளம் முழுவதும் அலைந்து மூடும். நீர்ச்சுண்டி பெரும்பாலும் அலைகரையில் வேர் பிடித்தது; ஆண்டுதோறும் நீர் இறங்குவதே அதன் பரவலுக்குக் கடிவாளம். கரையோரப் பாயின் அடியில் மீன்குஞ்சுகளுக்கு ஒதுக்கிடமும், மேலே தாமரைக்கோழி போன்ற நீர்ப்பறவைகளுக்கு நடைதளமும் அமைகின்றன. எனவே முடிவு இடத்தைப் பொறுத்தது. துருசு வாயிலும் வாய்க்காலிலும் அடைத்தால் அகற்ற வேண்டும். அலைகரையில் அளவோடு நிற்பதை விட்டுவைக்க வேண்டும்.

அகற்றும்போது காய் முற்றுமுன் கையால் இழுத்தெடுப்பது நன்று. அறுந்த துண்டுகளை நீரோரத்தில் குவிக்காது, கட்டுக்கு வெளியே மேட்டில் காயவிட்டுப் பசளையாக்க வேண்டும். அவரைச் செடியாதலால் அதன் கூட்டுப்பசளை வயலுக்கு உகந்தது.

செடியின் எதிர்காலத்துக்கு மெய்யான ஆபத்து, கரையின் வடிவத்தை மாற்றுவதில் உள்ளது. தூர்வாருகிறோம் என்று பெக்கோ கொண்டு அலைகரையைச் செங்குத்தாக வெட்டினால், மூழ்கியும் வெளிப்பட்டும் வாழும் அந்த வளையமே இல்லாமற் போகும். அலைகரையை வயலாக்கி அடைத்தாலும் அதே விளைவு. அப்படிப்பட்ட குளத்தில் கரையில் வேரூன்றும் நீர்ச்சுண்டிக்கு நிலம் இராது. வேரூன்றத் தேவையற்ற சல்வீனியாவுக்கு மட்டும் நீர் இருக்கும்.

9. முடிபுகள்

1. நீர்ச்சுண்டி ஈருருவச் செடி. பஞ்சு உறை, கணுவேர், கடின விதையுறை ஆகிய மூன்றும் நிரம்பி வற்றும் குளத்துக்கு ஏற்ற ஒரே தகவமைப்பின் மூன்று முகங்கள்.

2. அதன் மஞ்சள் மலட்டுப் பூக்களின் கேசரங்களிலிருந்து வருவது. இனம் பெருக்குவது மேற்பூக்கள்.

3. இனங்காணலில் காம்புச் சுரப்பியைப் பார்ப்பது கட்டாயம்.

4. முகாமையில் செடியை அழிப்பதோ காப்பதோ என்ற கேள்விக்கு முன், அலைகரையின் சரிவைக் காப்பது வரவேண்டும். தூர்வாரும் திட்டங்கள் ஆழத்தைக் குளத்தின் நடுவில் கூட்டட்டும். கரையின் மெல்லிய சரிவைத் தொடாதிருக்கட்டும்.

வன்னியில் இதற்குரிய ஆய்வு நிலையங்கள் இன்று உள்ளன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. வன்னி மாவட்டங்களில் தெரிந்தெடுத்த குளங்களில், ஒரே இடத்திலிருந்து தையில் ஒரு மாதிரியும் ஆவணியில் ஒரு மாதிரியும் எடுத்து, நீராழமும் காம்புச் சுரப்பியின் இன்மையும் குறித்து, ஒரு பிரதியைப் பேராதனைத் தேசிய உலர்தாவரக் காட்சியகத்துக்கு அனுப்பும் பணியை இந்நிறுவனங்களின் மாணவர்கள் மேற்கொள்ளலாம். பெருஞ்செலவில்லாத இந்த வேலை முடிந்தால், அடுத்த தூர்வாரும் திட்டம் வரும்போது நீர்ப்பாசனப் பொறியியலாளர் முன் வைக்கத் தாவரவியலாரிடம் வன்னிக் குளங்களின் சொந்தச் சான்று இருக்கும்.